பையில்லாத ரகம்

புதுப்பாளையத்தில் மாடி வீடு.
கடல் இரண்டு கிலோமீட்டர் தள்ளி.
மணலுக்கு அது தெரியாது.
கட்டில் கால், மின்விசிறி இறகு, உப்பு டப்பாவின் மூடி,
ஒருமுறை என் வாட்ச்சுக்குள்.
துடைப்பம் அதை ஓர் அறையிலிருந்து
இன்னோர் அறைக்குக் குடிமாற்றும், அவ்வளவே.
எனக்குத் தும்மல். மகளுக்கு இழுப்பு.
மூன்றாவது இன்ஹேலர் வாங்கிய மாலை
முடிவு செய்தோம்:
நான்காயிரத்துக்கு மேல் போகக்கூடாது.
அந்த எண்ணைச் சொன்னவன் கலிவரதன்.
எங்கள் வீட்டில் எண்களை நான்தான் சொல்வேன்.

லாரன்ஸ் ரோட்டுக் கடையில் பையன்
தரையில் கோலமாவு ஒரு சிட்டிகை தூவி
உறிஞ்சிக் காட்டினான்.
கை தட்டாத குறை.
நான் கைப்பையிலிருந்த பொட்டலத்தைப் பிரித்தேன்.
எங்கள் வீட்டு மணல் ஒரு கரண்டி,
கொஞ்சம் என் தலைமுடி.
"மேடம், இதெல்லாம் டெமோவுக்கு இல்ல."
இதற்குத்தானே தம்பி வாங்குகிறோம்.
ஆயிரத்து அறுநூறு வாட் என்றான்.
வாட் அது தின்னும் கரண்ட்,
இழுக்கும் இழுப்பு எவ்வளவு என்றேன்.
அட்டைப்பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்,
பாடத்தில் இல்லாத கேள்வி வந்தவனைப் போல.

ஓல்டு டவுனில் நூருல் அமீன் பட்டறைக்குப் போனேன்.
பழுது பார்க்கிறவரின் அலமாரியைவிட
நேர்மையான விளம்பரம் கிடையாது.
குழாய் தொங்க, வாய் திறந்து
வரிசையாகச் செத்துக் கிடந்தன.
இது ஏன் பாய்?
"மோட்டார்ல மணல் ஏறிடுச்சு."
இது?
"ஃபில்டர் கெடைக்கல. கம்பெனியே கெடைக்கல."
இது?
"இது நல்லாத்தான் இருக்கு. அந்தம்மா வாங்க வரல."
விலை கூடினவை மூன்று, மலிவானவை ஒன்பது.
நடுவில் ஒரு ரகம் மட்டும் அங்கே இல்லை.
"அதுவும் வரும். வாஷர் மாத்துவேன்,
எம்பது ரூவா, அன்னிக்கே போயிடும்.
பை வெச்சது வேணாம்மா, பை தீந்தா மெட்ராஸ்ல தேடணும்.
கழுவுற ஃபில்டர், உள்ள இருக்கறது தெரியுற குடுவை,
அதா பாத்து எடுங்க."

மூவாயிரத்து எழுநூற்று ஐம்பது.
கலிவரதன் ரொக்கமாக எண்ணினான்,
அதில் பத்து ரூபாய்த் தாள்களும் இருந்தன.
தவணையில் போடலாமே என்றேன்.
"சம்பளச் சீட்டு கேப்பாங்க" என்று
ரசீதை நாலாக மடித்தான்.

முதல் ஞாயிறு.
கீழ்வீட்டுச் செந்தாமரை அக்கா
மிக்ஸி வெடித்ததென்று படியேறி ஓடி வந்தார்.
அவர் போன பிறகு குடுவையைக் கழற்றினேன்.
ரத்தப் பரிசோதனை நிலையத்தில் பன்னிரண்டு வருஷம்.
எந்தக் குடுவையானாலும்
வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்க்கும் கை.
கூடம்: சாம்பல் பஞ்சு, முடி, ஒரு பட்டாணி.
மகள் அறை: பென்சில் சீவல், ஜிகினாத்தூள்.
எங்கள் அறை, அவன் பேன்ட் மாட்டும் கொக்கிக்குக் கீழே:
மணல்.
காற்று கொண்டுவரும் பொடி அல்ல அது.
அலை நனைக்கும் இடத்துப் பருமணல்,
கிளிஞ்சல் துணுக்கோடு.
பேன்ட் மடிப்பில் ஏறித்தான் வர முடியும்.

அடுத்த வாரம் தினமும் அந்த மூலையை மட்டும் உறிஞ்சினேன்.
திங்கள், ஒரு விரற்கடை.
செவ்வாய், அதே.
புதன் மழை, கொஞ்சம் குறைவு.
சனி வரைக்கும் வந்தது.
ஞாயிறு மட்டும் ஒன்றுமில்லை.

சிப்காட் ஆலைக்குள் கிளிஞ்சல் கிடையாது.
எட்டு மணிக்கு டிபன் பாக்ஸோடு கிளம்புகிறவன்
தேவனாம்பட்டினத்தில் உட்கார்ந்து
என் எலுமிச்சை சாதத்தைத் தின்றிருக்கிறான்.
எத்தனை மாதமாக என்று
இயந்திரம் சொல்லாது.

கடைப் பையனிடம் பதினேழு கேள்வி கேட்டவள்,
இவனிடம் இன்னும் ஒன்றும் கேட்கவில்லை.
இன்றிரவு அவனே ஃபில்டரைக் கழுவி
ஜன்னல் கம்பியில் காயப் போட்டான்.
"ஒரு நாள் முழுக்கக் காயணுமாம்.
ஈரத்தோட மாட்டினா மோட்டார் போயிடும்,"
கையேட்டைச் சத்தமாகப் படித்தான்.
சரி என்றேன்.

குடுவையைக் கொட்டவில்லை.
சமையல் மேடையில், உப்பு டப்பாவுக்குப் பக்கத்தில்
வைத்துவிட்டுப் படுத்தேன்.
காலையில் டிபன் பாக்ஸை எடுக்க
அங்கேதான் வருவான்.